சிற்றூர்க் கட்டடக்கலைஞரைத் தேடும்போது முதலில் எந்த ஏட்டைப் புரட்டுவது?

அமெரிக்கச் சிற்றூர்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "கோர்ட் ஹவுஸ், மூலையில் இருக்கிற பேங்க், மெதடிஸ்ட் சர்ச், மேட்டுத் தெருவில் கோபுரம் வைத்த ஐந்தாறு வீடு, எல்லாம் ஒரே ஆள் போட்ட பிளான்." ஆளின் பெயர் தெரியும், எந்தப் பத்தாண்டுகளில் தொழில் செய்தார் என்பதும் ஏறக்குறையத் தெரியும். 1880களிலோ 1890களிலோ அவர் உண்மையில் என்னென்ன வரைந்தார் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பட்டியல் வரும்.

அந்தப் பட்டியலைச் சரிபார்க்கக் கையில் இருக்கும் வழிகள் ஐந்து: பழைய செய்தித்தாள், கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) தீர்மானப் புத்தகம், கட்டடத் தொழில் இதழ்கள், சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடம், கட்டடமே. எல்லாவற்றையும் முழுதாகப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. ஒவ்வொன்றும் தவறு செய்யும் விதமும் வேறு. முதலில் எதை எடுக்கிறோமோ அதன் தவறுதான் கடைசிவரை பட்டியலில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், தொடங்கும் இடத்தை யோசித்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆறாவது வழியாகப் பலரும் முதலில் ஓடுவது மூல வரைபடங்களைத் தேடி. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வரைபடத்தை நீலத்தாளில் படியெடுக்கும் புளூபிரிண்ட் முறையே அமெரிக்காவில் 1876 பிலடெல்ஃபியா கண்காட்சியையொட்டித்தான் அறிமுகமானது. அதுவரை ஒவ்வொரு பிரதியும் கையால் எடுத்தது. வேலையிடத்தில் மழையிலும் சுண்ணாம்பிலும் கிடந்து கிழிந்தது ஒன்று. ஆள் இறந்ததும் வீட்டைக் காலி செய்தவர்கள் குப்பையில் போட்டது இன்னொன்று. டெக்சாஸ் கோர்ட் ஹவுஸ்களை வரைந்த ஜேம்ஸ் ரைலி கார்டனின் தொகுப்பு ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் கட்டடக்கலை ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. அப்படி அமைவது அபூர்வம்.

"ஆர்க்கிடெக்ட்" என்றால் யார்?

கட்டடக்கலைஞருக்கு உரிமம் வேண்டும் என்று முதலில் சட்டம் போட்ட மாநிலம் இல்லினாய். ஆண்டு 1897. அதற்கு முன் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம். ஆகவே ஒரே ஆள் ஒரு டைரக்டரியில் தச்சர், அடுத்ததில் "ஆர்க்கிடெக்ட் அண்ட் பில்டர்", அதற்கடுத்ததில் மரவாடி முதலாளி என்று வருவார். மூன்றும் அவர்தான். 1857இல் தொடங்கிய அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் உறுப்பினர் பட்டியலில் இவர்களில் பெரும்பாலோர் இருக்கமாட்டார்கள். மத்திய மேற்குப் பகுதி ஆள் என்றால், 1884இல் சிகாகோவில் தொடங்கி 1889இல் அந்தக் கழகத்தோடு இணைந்த மேற்கத்தியக் கட்டடக்கலைஞர் சங்கத்தின் பட்டியலையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த இடத்தில் கைவிட்டுவிடும். 1890ஆம் ஆண்டுத் தாள்கள் 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் சேதமாகி, ஏறக்குறைய மொத்தமும் இல்லாமல் போயின. 1880க்கும் 1900க்கும் நடுவே இருபது வருட ஓட்டை. அந்த இடைவெளியை நிரப்ப ஊர் டைரக்டரிகளும், போல்க் நிறுவனம் மாநிலவாரியாகப் போட்ட வணிகக் கெசட்டியர்களும் உண்டு. அவர் எந்த வருடம் எந்த ஊரில் இருந்தார் என்ற அட்டவணையை முதல் நாளே போட்டு வையுங்கள். அவர் ஊருக்கு வந்ததே 1887இல் என்றால், 1883இல் எழுந்த கட்டடத்தைப் பற்றிய வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

செய்தித்தாள்: வலை பெரிது, குப்பையும் நிறைய

வீட்டிலிருந்தே தொடங்கக்கூடிய வழி இது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 'க்ரானிக்ளிங் அமெரிக்கா' தொகுப்பு இலவசம். பல மாநிலங்களுக்குத் தனித் தொகுப்பும் இருக்கிறது. தேடும்போது ஆளின் பெயரைப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மங்கிய எழுத்தை இயந்திரம் தப்பாகப் படித்திருக்கும், பெயரைப் பத்திரிகையே மூன்று விதமாக அச்சடித்திருக்கும், 'ஆர்க்கிடெக்ட்' என்ற சொல் வரி ஓரத்தில் இரண்டாக உடைந்திருக்கும். கட்டடத்தைத் தேடுங்கள். 'கோர்ட் ஹவுஸ்' இரண்டு சொல்லாகவும், நடுக்கோடு போட்டும், சேர்த்தும் வரும். மூன்றையும் தேட வேண்டும்.

வருடம் பிடிபட்டதும் தேடலை நிறுத்திவிட்டு, டெண்டர் கேட்ட மாதத்தை நடுவில் வைத்துப் பதினெட்டு மாத இதழ்களை வரிசையாகப் படிப்பதே மேல். பயப்படும் அளவுக்கு வேலை இல்லை. நாலு பக்க வாரப் பத்திரிகை வருடத்துக்கு 208 பக்கம். அதில் பாதியை வெளியூர் நிறுவனங்கள் முன்கூட்டியே அச்சடித்து அனுப்பியிருக்கும்: தேசியச் செய்தி, தொடர்கதை, மருந்து விளம்பரம். சில ஊர்களில் உள்பக்கம் இரண்டும் அப்படி, சிலவற்றில் வெளிப்பக்கம் இரண்டும். எது என்பது இரண்டு இதழ் பார்த்தாலே தெரிந்துவிடும். மிச்சம் 104 பக்கம். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு வருடத்தை மூன்றரை மணி நேரத்தில் தாண்டிவிடலாம்.

கிடைக்கும் செய்தி எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்துத்தான் அதன் மதிப்பு. "இன்னார் புது ஓப்பரா ஹவுஸுக்குப் பிளான் போடுகிறார்" என்பது பேச்சு. "கவுண்டி கமிஷனர்களிடம் பிளானைக் காட்டினார்" என்பதும் பேச்சுத்தான். அன்று நாலு பேர் காட்டியிருப்பார்கள். நம்பத் தகுந்தது முத்திரையிட்ட டெண்டர் கோரும் சட்ட அறிவிப்பு. அதில் "வரைபடங்களையும் விவரக்குறிப்பையும் இன்னாரின் அலுவலகத்தில் பார்க்கலாம்" என்று ஒரு வரி இருந்தால், ஏற்றுக்கொண்ட பிளான் யாருடையது என்பதற்கு அதைவிட நல்ல அச்சுச் சான்று கிடைப்பது கடினம். அதிலும் ஒரு சந்து உண்டு. கவுண்டி எழுத்தர் அலுவலகத்தில் பார்க்கலாம் என்று மட்டும் இருந்தால், பெயரை வேறு இடத்தில் தேட வேண்டும். சட்ட அறிவிப்புகள் மிகப் பொடி எழுத்தில் வருவதால் இயந்திரம் அதிகம் தடுக்கி விழுவதும் அங்கேதான். கண்ணால்தான் படிக்க வேண்டும்.

பண்டிகைச் சிறப்பிதழ்களில் "நம்மூர்க் கட்டடக்கலைஞர்" என்று அரைப் பத்தி வந்து, பின்னால் பத்துக் கட்டடப் பெயர் வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது அவரே சொல்லி, காசும் கொடுத்துப் போட வைத்தது. சந்தா வாங்கி அச்சிட்ட கவுண்டி வரலாற்று நூல்களில் வரும் வாழ்க்கைக் குறிப்புகளும் அதே சரக்கு. எதைச் சரிபார்ப்பது என்ற பட்டியலுக்கு இவை உதவும். மரணச் செய்தியும் அப்படித்தான். முப்பது வருடம் கழித்து மேற்பார்வை பார்த்தது, மேஸ்திரி வேலை செய்தது எல்லாம் "கட்டினார்" என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடும்.

தீர்மானப் புத்தகம்: பணம் போன தடம்

பொதுக் கட்டடம் என்றால் இதற்கு ஈடு கிடையாது. கவுண்டியை நடத்தும் வாரியத்துக்கு டெக்சாஸில் கமிஷனர்ஸ் கோர்ட், அயோவாவில் போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ், ஒஹாயோவில் கவுண்டி கமிஷனர்கள் என்று பெயர் மாறும். புத்தகம் ஒரே மாதிரிதான் இருக்கும். கோர்ட் ஹவுஸ், ஜெயில், ஏழையர் இல்லம், சில இடங்களில் பாலமும் இதில் வரும். பள்ளிக்கூடம் இதில் வராது. அதற்குப் பள்ளி வாரியத்தின் புத்தகம் தனி.

குறிப்பாகப் பார்க்க வேண்டியது பணம் கொடுத்த பதிவு. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் 1866இல் ஒரு கட்டண அட்டவணை போட்டது. மேற்பார்வை உட்பட முழு வேலைக்குக் கட்டடச் செலவில் 5 விழுக்காடு. தொடக்க வரைவு மட்டும் என்றால் 1. பொது வரைபடமும் விவரக்குறிப்பும் சேர்ந்தால் 2½. நுணுக்க வரைபடங்களும் சேர்ந்தால் 3½. சிற்றூர் ஆட்கள் இதற்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர், பேரத்தில் குறைத்தும் வாங்கினார்கள். ஆனாலும் அளவுகோலாக இது பயன்படும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒப்பந்தம் 20,000 டாலர். அவருக்குக் கிடைத்தது ஒரே தவணையில் 500 டாலர், "பிளானுக்காக". அது 2½ விழுக்காடு. வரைந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், வேலையிடத்தில் நின்றவர் வேறு யாரோ. அதே புத்தகத்தில் மாதாமாதம் இன்னொருவருக்கு நாள் கூலிக் கணக்கில் பணம் போயிருந்தால் கண்காணிப்பாளர் அவர்தான். ஊர் நினைவில் நிற்கும் பெயர் பெரும்பாலும் அந்த இரண்டாம் ஆளுடையது. மாறாக 700 டாலர் முதலிலும், கட்டடம் ஏற்கப்பட்ட மாதத்தில் 300 டாலரும் போயிருந்தால் மொத்தம் 1,000, அதாவது 5 விழுக்காடு. தொடக்கம் முதல் முடிவுவரை அவரே இருந்தார் என்று தைரியமாக எழுதலாம். 50 அல்லது 100 டாலர் மட்டும் போய், பிறகு பெயரே வராவிட்டால், போட்டியில் தோற்றவருக்குக் கொடுத்த ஆறுதல் தொகையாக இருக்கவும் இடமுண்டு.

சிக்கல்கள் மூன்று. அகரவரிசைக் குறிப்பு இருக்காது, இருந்தாலும் பணம் வாங்கியவர் பெயரை விட்டுவிட்டு "கோர்ட் ஹவுஸ்" என்ற தலைப்பில் ஒளிந்திருக்கும். கையெழுத்து எழுத்தருக்கு எழுத்தர் மாறும். மூன்றாவது, நேரில் போக வேண்டும். எனவே வீட்டில் செய்தித்தாளில் டெண்டர் தேதி, ஒப்பந்தத் தேதி, அடிக்கல் தேதி மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். வாரியக் கூட்டம் எந்தக் கிழமை என்பது தெரிந்துவிட்டால் பக்கம் தானாக வந்து நிற்கும். தீர்மானத்தில் தொகை இல்லாவிட்டால், பணம் வழங்கிய ஆணைகளின் பதிவேடு தனியாக இருக்கும். அதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், தானாக எடுத்துத் தரமாட்டார்கள்.

வீடு என்றால் கதை வேறு

தனியார் வீட்டுக்குத் தீர்மானமும் கிடையாது, டெண்டரும் அனேகமாகக் கிடையாது. அங்கே கை கொடுப்பது சண்டைதான். கூலியோ சாமான் விலையோ பாக்கி நின்றால், வேலை செய்தவர் அந்தச் சொத்தின்மேல் வில்லங்கம் பதியலாம். அந்தப் பதிவில் மனை எண், வேலை விவரம், தேதி, தொகை எல்லாம் இருக்கும். சண்டை இல்லாத நல்ல மனிதர்களின் வீடுகள் இந்த ஏட்டில் அகப்படாது என்பது மட்டும்தான் குறை.

கிரயப் பத்திரத்தில் கட்டடக்கலைஞர் பெயரை எதிர்பார்க்க வேண்டாம். நிலம் கைமாறிய தேதி, அடுத்து வந்த அடமானம், அதற்கடுத்த வருடம் வரி ஏட்டில் மதிப்பு எகிறியது, இந்த மூன்றையும் அடுக்கினால் கட்டிய வருடம் வரும். வருடம் கிடைத்தால் செய்தித்தாளின் உள்ளூர்ப் பத்திக்குத் திரும்பலாம்.

வீடுகளில் பெரிய பள்ளம் தபால்வழிப் பிளான். டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில் இருந்துகொண்டு ஜார்ஜ் பார்பர் நாடு முழுவதும் வீட்டுப் பிளான் விற்றார். கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் பாலிசர் நிறுவனமும் நியூயார்க்கில் ஷாப்பெல் நிறுவனமும் அதே வியாபாரம். வாங்கியவர் கேட்டால் மாற்றியும் கொடுத்தார்கள். அந்தத் தாளை வைத்துக் கட்டிய உள்ளூர் மேஸ்திரியைத்தான் ஊர்ப் பத்திரிகை 'ஆர்க்கிடெக்ட்' என்று எழுதும். கோபுரம், வட்டமான திண்ணை, கடைசல் தூண் என்று அலங்காரம் தூக்கலாக இருக்கும் 1890களின் மரவீட்டை உள்ளூர்க்காரர் பெயரில் எழுதும் முன், இந்தப் பட்டியல்களின் மறுபதிப்பை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

தேவாலயத்திலும் இதே வலை விரிந்திருக்கிறது. மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையின் தேவாலய விரிவாக்க வாரியம் பட்டியல் போட்டுப் பிளான் விற்றது. பிலடெல்ஃபியாவின் பெஞ்சமின் பிரைஸ் வரைந்தவை அப்படிப் பல ஊர்களுக்குப் போயின. தபால் நிலையம் போன்ற மத்திய அரசுக் கட்டடத்தில் குழப்பமே வேண்டாம். 1852 முதல் 1939 வரை கருவூலத் துறையின் மேற்பார்வைக் கட்டடக்கலைஞர் அலுவலகம்தான் அவற்றைப் பார்த்துக்கொண்டது. உள்ளூர்ப் பெயர் அடிபட்டால் பெரும்பாலும் அது கண்காணிப்பு வேலைக்காக.

தொழில் இதழ்கள்

பாஸ்டனில் 1876இல் தொடங்கிய 'அமெரிக்கன் ஆர்க்கிடெக்ட் அண்ட் பில்டிங் நியூஸ்', சிகாகோவில் 1883இல் தொடங்கிய 'இன்லண்ட் ஆர்க்கிடெக்ட்', தெற்குப் பகுதிக்குப் பால்டிமோரின் 'மேனுஃபேக்சரர்ஸ் ரெக்கார்ட்'. ஊர், கட்டடம், மதிப்பீடு, ஆள் பெயர் என்று ஒரு வரிச் செய்திகள் வரும். பல செய்திகள் கட்டடக்கலைஞர்களே அனுப்பியவை, வரைபலகையில் இருக்கும்போதே அனுப்பியவை. அதனால் கட்டாமல் விட்டதும் கட்டியதும் கலந்து கிடக்கும். தொகையும் மதிப்பீடுதான்.

அப்படியானால் எதற்கு இது? ஆள் வெளியூரில் செய்த வேலையைக் காட்டிக்கொடுக்க. ஊர்ப் பத்திரிகைக்கு அறுபது மைல் தள்ளியிருக்கும் ஜெயில் கட்டடம் செய்தியே அல்ல. அவர் ஊர் வழியாகப் போன ரயில் பாதையை வரைந்து, அதில் உள்ள ஊர்ப் பெயர்களைக் கொண்டு இதழ்களைத் தேடினால் பட்டியல் நீளும். அந்தக் காலத்தில் காலையில் ஏறி மாலையில் திரும்பக்கூடிய தூரம்தான் ஒரு சிற்றூர்க்காரரின் தொழில் எல்லை.

சான்போர்னும் கட்டடமும்: தேதி சொல்லும், பெயர் சொல்லாது

தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக 1867 முதல் சான்போர்ன் நிறுவனம் எடுத்த வரைபடங்கள் ஐம்பதடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் இருக்கும். இளஞ்சிவப்பு செங்கல், மஞ்சள் மரம், நீலம் கல், சாம்பல் இரும்பு. ஒரு பதிப்பில் வெற்று மனை, அடுத்த பதிப்பில் இளஞ்சிவப்புக் கட்டம் என்றால், நடுவில் இருக்கும் வருடங்கள்தான் உங்கள் செய்தித்தாள் எல்லை. "கட்டப்பட்டு வருகிறது" என்றோ "பிளானிலிருந்து" என்றோ எழுதியிருந்தால் அதிர்ஷ்டம், வருடமே கிடைத்துவிட்டது.

இரண்டு எச்சரிக்கை. கறுப்பு வெள்ளை மைக்ரோஃபிலிமில் வண்ணம் போய்விடும், செங்கலும் மரமும் ஒன்றாகத் தெரியும். காங்கிரஸ் நூலகத்தின் வண்ணப் பிரதியைப் பாருங்கள். இன்னொன்று, திருத்தங்களைத் துண்டுத் தாளாக ஒட்டியிருப்பார்கள். அட்டையில் உள்ள வருடத்துக்குப் பின்னால் எழுந்த கட்டடம் பழைய தாளில் உட்கார்ந்திருக்கும். சிற்றூர்களின் தொடக்கப் பதிப்புகள் கடைத்தெருவோடு நின்றுவிடும் என்பதால் வீடுகளுக்கு இது அவ்வளவாக உதவாது.

கட்டடத்துக்குள் போக அனுமதி கிடைத்தால் நேராகப் பரணுக்கு ஏறுங்கள். இரு பக்கம் சரிந்து முனை மழுங்கிய வெட்டாணியா, உருண்டைக் கம்பியாணியா என்று பார்க்க வேண்டும். 1890ஐ ஒட்டித்தான் கம்பியாணி வெட்டாணியை ஓரங்கட்டியது. பழுதுபார்த்த இடத்தில் பார்த்துவிட்டு முடிவுகட்டக் கூடாது. உத்தரம் சுவரில் உட்காரும் மூலச் சட்டத்தில் பார்க்க வேண்டும். கடை முகப்பின் இரும்புத் தூண் அடியில் பெயர்த்தகடு இருந்தால் அது வார்ப்பாலையின் பெயர். செயின்ட் லூயிஸின் மெஸ்கர் பிரதர்ஸோ எவான்ஸ்வில்லின் ஜார்ஜ் மெஸ்கரோ பட்டியல் பார்த்து அனுப்பிய முகப்பு என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

பாணியை வைத்துப் பெயர் சொல்வது? ஆவணம் கிடைத்த பிறகு செய்ய வேண்டிய வேலை அது. டெக்சாஸில் வெதர்ஃபோர்ட், ஹில்ஸ்பரோ, கிரான்பரி கோர்ட் ஹவுஸ்களைப் பார்த்தால் அண்ணன் தம்பி என்று தெரியும், மூன்றும் டாட்சன் என்ற கட்டடக்கலைஞருடையவை. டெக்கேட்டரும் வாக்சஹாச்சியும் கிட்டத்தட்ட இரட்டை, இரண்டும் கார்டனுடையவை. இங்கே ஒற்றுமை பேசுகிறது, ஏனென்றால் பின்னால் ஆவணம் நிற்கிறது. ஆவணம் இல்லாத இடத்தில், பக்கத்துக் கவுண்டியில் பார்த்துவிட்டு "அதே மாதிரி வேண்டும்" என்று கேட்ட கமிஷனர்களும், ஒரே மரவாடியில் வாங்கிய ஒரே கடைசல் தூணும் அதே ஒற்றுமையை உண்டாக்கிவிடுவார்கள். தேர்ந்தெடுத்தே ஒப்பிட வேண்டுமானால் அலங்காரத்தை விட்டுவிட்டு, படிக்கட்டு எங்கே வைத்தார், புகைபோக்கியை எப்படிச் சேர்த்தார், அறைகளை எந்த வரிசையில் கோத்தார் என்று தரைப் பிளானைப் பாருங்கள்.

1966 சட்டத்தின் கீழ் உருவான தேசிய வரலாற்றிடப் பதிவேட்டின் விண்ணப்பங்களில் கட்டடக்கலைஞர் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. அதை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். தொடக்க கால விண்ணப்பங்கள் பல மிகச் சுருக்கம். பெயருக்கு ஆதாரம் ஊர்ப் பேச்சாகவே இருக்கலாம். பெயருக்குப் பக்கத்தில் என்ன சான்று காட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

எதை முதலில்?

அவர் பெயரில் ஒரு கோர்ட் ஹவுஸோ ஜெயிலோ சொல்லப்பட்டால், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் தொடங்குங்கள், செய்தித்தாளில் எடுத்த மூன்று தேதிகளோடு. ஐயமற ஒரு கட்டடம் கையில் வந்துவிட்டால், அவர் எவ்வளவு வாங்கினார், யாரோடு சேர்ந்து வேலை செய்தார், எந்த ஒப்பந்தக்காரர் திரும்பத் திரும்ப வருகிறார் என்பதெல்லாம் அதிலிருந்தே தெரியும்; மற்ற கட்டடங்களைத் தேட அதுதான் நூல். கடைத்தெருக் கட்டடங்கள் மட்டும் என்றால் சான்போர்ன், பிறகு செய்தித்தாள். வீடுகள் மட்டும் என்றால் வில்லங்கப் பதிவேடும் வரி ஏடும், கூடவே தபால் பிளான் பட்டியல். நேரில் போகவே முடியாது என்றால் செய்தித்தாளும் தொழில் இதழும் சான்போர்னும் சேர்த்து ஓரளவு செய்யலாம். ஆனால் அதில் வரும் பட்டியலை முடிவாக அச்சிட வேண்டாம். கோர்ட் ஹவுஸ் எரிந்து ஏடுகள் போன கவுண்டிகளிலும் இதே நிலைதான். சட்ட அறிவிப்புதான் அங்கே மேல்மட்டச் சான்று.

அட்டவணை போடும்போது "கட்டடக்கலைஞர்" என்று ஒரே பத்தி வைக்காதீர்கள். வரைந்தவர், மேற்பார்த்தவர், ஒப்பந்தம் எடுத்தவர் என்று மூன்று பத்தி. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தரம்: பணம் கொடுத்த பதிவு இருந்தால் முதல் தரம், டெண்டர் அறிவிப்பு மட்டும் இருந்தால் இரண்டு, பிற்கால நினைவு மூன்று, பாணி ஒற்றுமை நான்கு. தேடியும் கிடைக்காத ஏட்டையும், பார்த்த தேதி எல்லையையும் குறித்து வைத்தால், அடுத்து வருபவர் அதே மைக்ரோஃபிலிமை மறுபடி சுற்ற வேண்டியிருக்காது.